மடி அரிசி

...கையைத் தூக்கு என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை, பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து கேட்டுக்கு வந்ததும் அவர்களே தூக்கிவிடுகிறார்கள், ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நானும் கக்கம், இடுப்பு, மடி, கொண்டை என்று தடவிக்கொண்டே போகிறேன், கை மட்டும்தான் இங்கே இருக்கிறது, கண் காவல் கொட்டகையில் இருக்கிறது, அங்கே பெஞ்சியில் என் மகள் மீனம்மா உட்கார்ந்திருக்கிறாள், மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ, புருஷன் வீட்டுக்குப் போகக் கிளம்பிய கோலம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான். எஸ்டேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட நாளிலிருந்து எனக்கு இதுதான் வேலை. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதாம், அதனால் வேலியைத் தாண்டுகிற எவரும் ஒரு மணி அரிசிகூடக் கொண்டு போகக் கூடாது, ஆண்களைக் கான்ஸ்டபிள் தடவுகிறான், பெண்களை நான். ராமாத்தாளுக்கு நல்ல கை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்கு அன்றைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, என்ன புத்தியோ.

ஆடிக்கு அழைத்து வந்த மகள். தையில் கட்டிக் கொடுத்தோம், ஆடி மாதம் புதுப்பெண் தாய் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கூட்டி வந்தோம், ஆவணி பிறந்துவிட்டது, மாப்பிள்ளை ரங்கசாமி சுங்கை ஊடாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து இருட்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், அவனுக்கு உள்ளே வரப் பாஸ் இல்லை. மகளை வெறும் மடியோடு அனுப்புவார்களா? மஞ்சள் தடவிய பிடி அரிசி, ஒரு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, துணியில் முடிந்து அவள் இடுப்பில் செருகினேன். அவள் சொன்னாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. "வேணாம்மா, கேட்ல புடிச்சிருவாங்கம்மா." "கேட்ல யாருடி நிக்கிறா, நான்தானே நிக்கிறேன்," என்றேன். அவளும் சிரித்தாள். இத்தனை பேர் மடியைத் தடவி அவிழ்த்தவள், என் மகள் மடியை மட்டும் தடவாமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், ஊருக்கெல்லாம் சட்டம், எனக்கு மட்டும் சாத்திரம். நினைத்தது தப்பா? தப்புதான். ஆனால் நாளைக்கே இன்னொரு மகளை அனுப்ப வேண்டி வந்தால் என்ன செய்வேன், அரிசி கட்டாமல் இருப்பேனா?

மூத்தவளை ஜப்பான்காரன் காலத்தில் கட்டிக் கொடுத்தோம். அப்போது அரிசி ஏது, மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயவைத்ததில் கொஞ்சம் எடுத்து மஞ்சள் தடவி மடியில் கட்டினேன், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நல்லா இரு என்று நெற்றியில் பூசி அனுப்பினேன். அந்த வருஷமே பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. உடம்பில் ரத்தம் இல்லை என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொன்னார், ஊரில் யார் உடம்பில்தான் ரத்தம் இருந்தது. கிழங்கு கட்டியதால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, வீரப்பன்கூட, பெற்றவர் அவர், ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்கு நானேதான் சொல்லிக்கொள்கிறேன், பத்து வருஷமாக, பால்மரம் வெட்டும்போது, பால் சேர்க்கும்போது, அடுப்பு ஊதும்போது. நல்லா இரு என்கிறோமே, நல்லா இருப்பது என்றால் என்ன, வயிறு நிறைவதா, பிள்ளை தங்குவதா, யாரும் கையைத் தூக்கச் சொல்லாமல் ஒரு வாசலைத் தாண்டுவதா... எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்கத் தெரியாது, ஒரு பிடி அரிசி கேட்டேன், நிஜ அரிசி.

இன்றைக்குப் பார்த்து லாரியில் டவுனிலிருந்து போலீஸ் சார்ஜன் வந்தார், கூடவே பிரிஜிட் என்று ஒரு பெண், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அவளும் தடவுகிற வேலைக்காரிதான், வரிசையை இரண்டாக்கி ஒன்றை அவளிடம் விட்டார்கள். மீனம்மா என் வரிசையில்தான் நின்றாள். பிரிஜிட் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "உங்க மகளாக்கா, அச்சு அசலா உங்க மொகம்லா," என்றாள். சார்ஜன் மலாய்க்காரர், ஆனால் தமிழ் புரியும். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், விரலால் பிரிஜிட்டின் வரிசையைக் காட்டினார். மீனம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க முடியும், அவள் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்க முடியுமா? பிரிஜிட்டின் கை மடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதுதான், கை நிற்கக் கூடாது, நின்றால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும், எனக்கும் போன மாதம் கருப்பாயியின் வெற்றிலைப் பையில் அப்படித்தான் நின்றது, உள்ளே அவள் மத்தியானத்துக்கு வைத்திருந்த சோற்றுருண்டை, கான்ஸ்டபிள் பார்த்துவிட்டான். பிரிஜிட் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "மன்னிச்சிருங்கக்கா, அவரு பாத்துட்டாரு," என்றாள். நான் ஓடிப்போய்ச் சார்ஜனிடம் சொன்னேன், "நான்தான் துவான் கட்டினேன், மஞ்சள் பாருங்க, இது ஆக்கித் திங்கிற அரிசி இல்ல, எங்க வழக்கம்." அவர் ஒரு மணியை எடுத்து நகத்தால் மஞ்சளைச் சுரண்டினார், உள்ளே வெள்ளை. "பெராஸ்தானே, மக்சிக்," என்றார், எப்படியும் அரிசிதானே அம்மா என்கிறார், கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். யார் கட்டியது என்று மீனம்மாவைக் கேட்டார், அவள், "நானேதான், அம்மாவுக்குத் தெரியாது," என்றாள், என்னைப் பார்க்கவே இல்லை, எப்போது இவ்வளவு பெரியவளானாள்? யாரிடம் இருந்ததோ அவர்தான் வர வேண்டும், நீ போய் வேலையைப் பார் என்றுவிட்டார்கள். வேலையைப் பார்க்கிறேன். ஆண்கள் வரிசையில் வீரப்பன் வாளியோடு நிற்கிறார், தரையைப் பார்த்துக்கொண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை சைக்கிள் மணியை அடிக்கவும் இல்லை, அடிக்காமல் விடவும் இல்லை, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

கருப்பாயி வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். அந்தச் சோற்றுருண்டைக்காக உள்ளே இருந்தவளை ஜெயிலிலிருந்து போன வாரம்தான் வெளியே விட்டார்கள், இவளுக்குத்தான் தெரியும், அங்கே படுக்கப் பாய் கொடுப்பார்களா, பெண்களைத் தனியாக வைப்பார்களா, தண்ணீர் கேட்டால் கிடைக்குமா, இந்த ஊரிலேயே இவள் ஒருத்தியிடம்தான் கேட்க முடியும், இவளிடம் மட்டும் என்னால் கேட்க முடியாது. கக்கம், இடுப்பு... அவள் என் காதுப் பக்கம் மெதுவாகச் சொன்னாள், "பொம்பளைங்க தனி ரூம்புதான்கா. சோறு போடுவாங்க. ரெண்டு வேளையும் அரிசிச் சோறு." குத்திக்காட்டுகிறாளா, ஆறுதல் சொல்கிறாளா, குரலில் எதுவும் தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன், தடவிக்கொண்டேதான் அழுதேன்.

லாரி உறுமியது. மீனம்மாவைப் பின்னால் ஏற்றினார்கள், ஏறும்போது சேலை தடுக்கியது, பிரிஜிட்தான் பிடித்துக்கொண்டாள், அவிழ்ந்த மடி தொங்கியது, மீனம்மா அதை எடுத்துச் செருகக்கூட இல்லை. கேட்டைத் திறந்தார்கள். போய்விட்டாள், இந்த வாசலைத் தாண்டி, வெறும் மடியோடு, எதற்குப் பயந்து எல்லாம் செய்தேனோ அதுவேதான், மூத்தவளுக்காவது கிழங்கு இருந்தது. மாப்பிள்ளை லாரிக்குப் பின்னாலேயே சைக்கிளை மிதித்தான், புழுதியில் அவன் சட்டை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. முன் சீட்டில் சார்ஜன் மடியில் ஒரு காகிதப் பொட்டலம், கோர்ட்டில் காட்ட வேண்டுமாம், என் அரிசி, வெற்றிலை, பாக்கு எல்லாவற்றையும் ஒன்றாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டார்... அப்படியென்றால் அரிசியும் கூடத்தான் போகிறது, அவள் போகிற இடத்துக்கே, அதே லாரியில். அவள் மடியில் இல்லை, அவ்வளவுதான். அது அவளோடு போனதாகுமா, ஆகாதா? இதை யார் சொல்லியிருக்கிறார்கள், யாரைக் கேட்பது?

என் கை நின்றுவிட்டது. கருப்பாயியின் மடிமேல் அப்படியே நிற்கிறது. "அப்பா இத்து?" என்ன அது என்று கான்ஸ்டபிள் மலாயில் குரல் கொடுத்துக்கொண்டே வருகிறான், கையை எடுக்க வேண்டும், எடுக்க வரவில்லை. கருப்பாயி தானே மடியை அவிழ்த்து, உதறி, அவனுக்கு விரித்துக் காட்டுகிறாள். ஒன்றும் இல்லை.