எல்லாவற்றிலும் இரண்டு

மலையேற்றச் சாமான் கடையில் என் முதுகுப்பையைத் தராசில் வைத்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அனுமதிகூடக் கேட்காமல் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தாள். இரண்டு டார்ச். இரண்டு சின்ன கேஸ் அடுப்பு. இரண்டு தண்ணீர் வடிகட்டி, இரண்டு கத்தி, இரண்டு மழைக்கோட்டு.

"கூட யாராவது வராங்களா சார்?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா?"

நான் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் ஓய்வு பெற்றேன். எங்கள் தொழிலில் ஒற்றையாக எதையும் நம்ப மாட்டோம். ஒரு கயிறு போதும் என்கிற இடத்தில் நாலு தொங்கும். ஒரு பிரேக் பிடிக்காவிட்டால் இன்னொன்று பிடிக்கும். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம்.

"மலைல நீங்க தொங்கப் போறதில்ல சார், நடக்கப் போறீங்க. இந்த எடைக்கு ஒரே வாரத்துல முட்டி போயிடும்" என்றாள்.

எல்லாவற்றையும் மறுபடி பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று சொல்லிச் சொல்லியே ஓய்வூதியப் பணத்தில் பாதியை அந்தக் கடையில் இறக்கியிருந்தேன். ஆனால் என் கவலை எடை இல்லை. அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

நடக்கப் போவது ஒரு மலைப்பாதை. ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்க மூன்று மாதம் பிடிக்கும். முப்பது வருடம் மேலேயும் கீழேயும் மட்டுமே போய்வந்தவன், ஒரு தடவையாவது முன்னால் போய்ப் பார்க்கலாமே என்றுதான் கிளம்பினேன். அவ்வளவு நாளுக்கும் சாப்பாட்டை ஒரேயடியாகச் சுமக்க முடியாது. அதனால் உலர்ந்த பழம், கொட்டைகள், நூடுல்ஸ், பால் பவுடர் எல்லாம் ஐந்து பெட்டிகளில் கட்டிவிட வேண்டும். வழியில் இருக்கும் ஐந்து ஊர்களுக்கு, நான் போய்ச் சேரும் நேரம் பார்த்து, வீட்டிலிருந்து ஒருவர் அவற்றைத் தபாலில் அனுப்புவார். பெட்டி வந்தும் ஆள் வரவில்லையென்றால் பாதை அலுவலகம் அந்த ஒருவரைத்தான் கூப்பிடும். அவர் பெயரைக் கொடுத்தால்தான் அனுமதி.

"வீட்ல யார் இருப்பாங்க சார்?" என்று அலுவலகத்துப் பெண் ஃபோனில் கேட்டாள்.

"நான்தான் இருக்கேன்."

"நீங்க நடந்துக்கிட்டு இருப்பீங்களே சார்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் ஒண்டிக்கட்டை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை, யாரும் அமையவில்லை. என் வீட்டுச் சாவியும் இரண்டுதான். ஆனால் இரண்டாவதைக் கொடுத்துவைக்க ஆள் இல்லாததால் இரண்டும் ஒரே கொத்தில் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பெயர் வராவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அவள் சொன்னாள்.

முதலில் தங்கையைக் கேட்டேன். அவள் இருப்பது வேறு ஊரில். கூடப்பிறந்தவள் இல்லையென்றா சொல்லிவிடுவாள்?

சொல்லிவிட்டாள்.

"நீ பாட்டுக்கு எங்கயாவது பள்ளத்துல விழுந்து கிடப்ப, நான் இங்க உட்கார்ந்து பொட்டி அனுப்பிக்கிட்டு இருக்கணுமா? மாட்டேன் அண்ணா. நான் மாட்டேன்னு சொன்னா நீ போக மாட்டல்ல?"

அவளுக்கு என்மேல் பாசம்தான். அந்தப் பாசத்தின்மேல் எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைப் படுக்கையில் வீசினேன்.

அடுத்து எதிர்வீட்டு நர்ஸ். பெட்டியில் ஒன்றை மாதிரிக்குக் கையில் ஏந்திக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். பதினோரு வருடமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். இந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோன போதெல்லாம் பைசா வாங்காமல் ஓடவிட்டவன் நான். கதவைப் பாதி திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்த வீட்டுக்கு டெலிவரி?"

வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பினேன். என் வீட்டுக்குள் நுழைந்து, அவள் காதில் விழாதபடி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். அவனைக் கூப்பிடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

அவனும் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம் நாங்கள் ஜோடி. லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு உச்சியில் மோட்டார் அறை, அதில் அவன். அடியில் பள்ளம், அதில் நான். அவனை நான் மேலே என்றும், என்னை அவன் கீழே என்றும் கூப்பிட்டுப் பழகி, அதுவே பெயராகிவிட்டது. டீக்கடையில் "டேய் மேலே!" என்று நான் கத்தினால் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட்டை நகர்த்தும் முன் ஒருவன் குரல் கொடுக்க வேண்டும், மற்றவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மோட்டார் சத்தத்தில் குரல் எடுபடாவிட்டால் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் ஏற்று, மூன்று என்றால் இறக்கு. எத்தனை தட்டு போனதோ அத்தனை திரும்பி வர வேண்டும். பதில் வராமல் ஓர் அங்குலம் அசையக் கூடாது. அசைந்தால் பள்ளத்தில் இருப்பவன் சட்னி.

இரண்டு வருடம் முன்னால் அவன் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனான். போன சில வாரத்தில் ஃபோன் வந்தது.

"கீழே!"

"சொல்றா மேலே."

"கீழே!"

"அட சொல்லுடா, இங்கதான் இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வைத்துவிட்டான். இன்னொரு நாளும் அதே கூத்து. நானே கூப்பிட்டபோது எடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்துவிட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மகள் வீட்டுச் சொகுசு வந்ததும் பழைய சிநேகிதம் புளித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதில் இல்லை, அதனால் அசையவில்லை. சட்டம் சட்டம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சட்டத்தை மீறினேன். அவன் மகள் எடுத்தாள்.

"மாமா! நீங்களா? அப்பா உங்க மேல ரொம்ப வருத்தத்துல இருக்கார்."

"என் மேலயா? பேசாம வெச்சது அவன்."

"அப்பாவுக்குக் காது போயிடுச்சு மாமா. இங்க வரும்போதே பாதி கேக்கல, யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட ஃபோன் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு, 'அவன் வாயே திறக்க மாட்டேங்கறான்'னு வெச்சிட்டார். இப்ப சுத்தமா கேக்கறதில்ல."

மோட்டார் அறையில் இருபத்தாறு வருடம். நான் பள்ளத்தில் சொகுசாக நின்றிருக்கிறேன். அவன் காதைத் தின்ற சத்தம் அவன் தலைக்குப் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. பதில் வரவில்லை என்று அவனும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வருடம், இரண்டு கிழட்டுக் கழுதைகள், இரண்டு ஊரில்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பையையும் ஐந்து பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் இளைத்திருந்தான். "கீழே!" என்று பழைய குரலில் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நான் ஏதோ சொன்னேன். என் வாயையே பார்த்துத் தலையாட்டினான். ஒன்றும் புரியவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்கிற பயமும் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கரண்டியை எடுத்து மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். மேசைமேல் இருந்த அவன் உள்ளங்கையில் அதிர்வு ஏறியிருக்க வேண்டும். அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி இரண்டு தட்டினான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மகள் உடனே உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தை அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். படித்ததும் அவன் முதுகுப்பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினான். இரண்டு டார்ச், இரண்டு அடுப்பு என்று பார்த்துக்கொண்டே போனவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன்டா, ஒரே கொக்கியில ரெண்டு கயிறு மாட்டுவியா நீ? பை பள்ளத்துல விழுந்தா ரெண்டும்தானே போகும்? இதுவா நான் உனக்குக் கத்துக்குடுத்த வேலை?"

இவன் எனக்குக் கற்றுக்கொடுத்தானாம். அவனைவிட நான் ஆறு மாதம் சீனியர். ஆனால் அவன் சொன்னது சரி. இத்தனை வருடத் தொழிலில் ஒரு கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு அது.

ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துத் தன் அலமாரியில் அடுக்கினான். பெட்டிகளைக் கட்டில் அடியில் தள்ளினான். "இதெல்லாம் இங்க இருக்கட்டும். அங்க ஒண்ணு போச்சுன்னா என் பொண்ணுக்குச் சொல்லு, அடுத்த பொட்டில வெச்சு அனுப்பறேன்" என்று கத்தினான். மேசைமேல் கிடந்த என் சாவிக்கொத்து கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒரு சாவியை நகத்தை ஒடித்துக்கொண்டு கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேட்கக்கூட இல்லை.

நாலு மணிக்கே அலுவலகத்துக்கு அவன் பெயரையும் மகளின் ஃபோன் நம்பரையும் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது பையை மாட்டினேன். முதுகு நிமிர்ந்தது.

லிஃப்ட் வாசல்வரை வந்தான். கட்டிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இல்லை. நான் உள்ளே போனேன், கதவு மூடிக்கொண்டது. கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். மிச்சமிருந்த ஒற்றைச் சாவியால் இரும்புக் கதவில் மூன்று தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. அவன் திரும்பிப் போயிருக்கலாம். கதவில் கை வைத்திருந்தால்தானே தெரியும்? கீழே யாரோ லிஃப்ட்டுக்காகக் கதவைக் குத்திக்கொண்டிருந்தார்கள். முதுகில் பையோடு, கண்ணாடியில் என் ஒற்றை முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அசையவில்லை.

பிறகு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பொத்தானை அழுத்தினேன்.