எலுமிச்சம்பழம் நசித்த கார்

பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைப் பூட்டி, டொலார்ட் நகரிலுள்ள தன் வீட்டுக் கராஜில் தானே பந்தயக் கார் செய்யப்போவதாகக் குலசிங்கம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்காகக் கராஜை வெறுமையாக்கியதில் மனைவி பாலாம்பிகையின் பழைய கார் மாரி முழுக்கப் பனிக்குள் நின்றது.

பூட்டத் தொடங்குவதற்கே பூசை, முப்பது விருந்தாளிகள். பந்தயக் காரின் வெறும் இரும்புச் சட்டத்தைக் கராஜுக்கு வெளியே வாசல் ஓரம் தூக்கிவைத்து மாலை போட்டார். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு குனிந்த ஐயர் திகைத்தார்.

"சில்லு எங்கை?"

"கடைசிப் பெட்டியிலை வரும், ஐயா."

"நல்ல நேரம் முடியப்போகுது. பழம் நசியவேணுமே!"

"என்ரை காருக்கு வையுங்கோ ஐயா," என்ற பாலாம்பிகை, பழங்களை நசித்தபடி நேரே வெறுங் கராஜுக்குள் ஓட்டிப்போய் நிறுத்தினாள்.

"பூசை செய்த காரைப் பனிக்குள்ளை விடலாமோ, ஐயா?" என்று இறங்கியபடி கேட்டாள்.

"கூடாது, கூடாது!"

குலசிங்கம் வெளியே நின்ற சட்டத்து மாலையில் விழுந்த பனியைத் தட்டினார்.