செண்பகவல்லி வளர்த்த அந்துப்பூச்சி

மாட்டுங்கா பிரம்மநாயகம் பகலில் கம்பெனி குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் அந்துப்பூச்சிப் பைத்தியம். அவர் கொண்டுபோகிற பூச்சிகளை அருங்காட்சியக அதிகாரி குல்கர்னி, "இது எல்லாத் தெருவிளக்கிலும் கிடைக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு பூச்சியின் கீழாவது தம் பெயர் போட்ட சீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது பிரம்மநாயகத்தின் தீராத ஆசை.

அறுபத்தாறில், ரேஷன் கோதுமைக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். பை தைக்கக் கொடுக்கத் தாராவிக்குப் போனவர், தையற்காரர் இசக்கிப்பாண்டியின் வீட்டுப் பின்புறம் நின்ற சோளத்தட்டைகளில் இரண்டு புழுக்களைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கறுத்த தலை, முதுகில் மஞ்சள் கோடு. புள்ளியே இல்லாத புகைநிற இறக்கையோடு வெளிவரும் ஓர் அபூர்வப் பூச்சியின் புழுவேதான்.

இசக்கிப்பாண்டியின் மனைவி செண்பகவல்லி மண்ணெண்ணெயோடு வந்தாள்.

"ஊத்திராத, தாயி."

"சோளத்தத் திங்கிற புழுவுக்கு வக்காலத்து வாங்கவா மாட்டுங்காலேருந்து வந்திய, அண்ணாச்சி?"

அவர் தம் ஆசையைச் சொன்னார். புழுவோடு போனால் வீட்டுக்காரி படியேற்ற மாட்டாள் என்பதையும் மறைக்கவில்லை.

"ஒங்க பேரு வரும்னா சரி. இங்ஙனயே கெடந்து தின்னட்டும்."

புழுக்கள் ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டிலில் குடியேறின. சோளக்குருத்து தின்று கொழுத்துக் கூட்டுப்புழுவாயின. அக்கம்பக்கமே வந்து எட்டிப் பார்த்தது.

முதல் பூச்சி வெளிவந்ததும், பிரம்மநாயகம் துணி கட்டிய பாட்டிலுக்குள் பூச்சியைக் கொல்லும் மருந்துப் பஞ்சைப் போட்டு, உற்றுப் பார்க்காமலே அருங்காட்சியகத்துக்கு ரயிலேறினார்.

குல்கர்னி திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இறக்கையில் வெள்ளைப் பட்டை. சாதாரண ஜாதி."

பிரம்மநாயகம் விரலால் இறக்கையின் ஓரத்தைத் தொட்டார். விரல் வெளுத்தது. பழக்கதோஷம், கை தானாக நெற்றிக்குப் போனது.

பூசிய பிறகுதான் அவருக்கே விளங்கியது. குல்கர்னி அவர் நெற்றியைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார், மெல்லிய தூரிகையை எடுத்தார். பட்டை உதிர்ந்து புகைநிறம் தெரிந்தது.

"ஆண். இதற்கொரு பெண்ணும் கிடைத்தால் ஜோடியாக வைத்து உங்கள் பெயர் எழுதுகிறேன்."

பிரம்மநாயகம் தாராவிக்கு ஓடினார். "திருநீறு யாரு போட்டா?"

"நான்தான். பாக்க வந்தவுக கண்ணெல்லாம் அதுமேலதான கெடந்துச்சு."

"இன்னொண்ணு பொண்ணா இருக்கணும் தாயி. அதுக்குத் திருநீறு ஆகாது."

"சரி, போடல."

மறுவாரம் இரண்டாவதும் வெளிவந்தது. இந்தத் தடவை துணியை அங்கேயே அவிழ்த்துப் பார்த்தார். கொழுத்த வயிறு, பெண்ணேதான். தலையில் சிவப்பாக ஒரு புள்ளி.

"என்ன தாயி இது?"

"குங்குமம். ஜோடி சேக்கப் போற பொண்ண வெறும் நெத்தியோடயா அனுப்புவாக?"

பிரம்மநாயகம் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று குல்கர்னியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.