ஏழு மணி ஜெபம்

சேவூரில் ஊழியம் செய்ய வந்த ஞானசுந்தரியின் ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு வருஷமாக ஒருவரும் வரவில்லை. தன்னால் யாருக்கும் பயனில்லை என்று முடிவு செய்து, அன்று காலை பெட்டியோடு சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

வழியில் நெசவாளி கிருஷ்ணம்மாள் வீட்டுக்காகப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள்; தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூல் தெருவின் நீளத்துக்கு விரிந்திருந்தது.

“இன்னா சிஸ்டரு, பாத்துகினு நிக்கிற? செருப்ப கழட்டிட்டு வந்து புடி. மருமவளுக்கு ஜுரம், ஒரு கை கொறையுது,” என்றாள் கிருஷ்ணம்மாள்.

ஞானசுந்தரி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல் பாவு நூலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஊருக்கே போறேம்மா. இனிமே வரமாட்டேன்.”

“யாரு இன்னா சொன்னாங்க?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. ஜெபத்துக்குத்தான் ஒருத்தரும் வரலியே.”

எதிரில் பாவைப் பிடித்து நின்ற பக்கத்து வீட்டுச் சுபலட்சுமி சிரித்துவிட்டாள். “காலைல ஏழு மணிக்குக் கூப்ட்டா எவ வருவா? வெயில் ஏறறதுக்குள்ள பாவு நீட்ட வாணாமா? நீயே பாதி நாளு இங்கதான புடிச்சிகினு நிக்கிற!”

“அது சும்மா ஒத்தாசைதானே.”

“சும்மாவா?” கிருஷ்ணம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. “எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப சொந்தக்காரங்க எட்டிப் பாக்கல. நீதான் வந்து நின்ன. எங்க சாமி வேற, உங்க சாமி வேற. அதுக்காவ நீ போயிடுவியா?”

அவள் ஊருக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஞானசுந்தரியின் பிடி தளரவில்லை.

பாவைச் சுருட்டி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “சாயந்தரமா ஜெபம் வெச்சா வருவீங்களாம்மா?”

“அத அப்பறம் பாக்கலாம். நாளைக்கு சுபலட்சுமி வூட்டுப் பாவு. ஜல்தியா வந்துடு.”

“விடிஞ்சதும் வந்துடறேன்,” என்றாள் ஞானசுந்தரி.