சலவைக்கூடம்: குறையில்லை

“சலவைக்கூடத்தோட மூலத் தாள்களைக் கொடுங்க. சுருக்கம் வேண்டாம்.”

ஆலைக் கூட்டத்தில் ஷெல்பி ராடர் இதைச் சொன்னதும் டோனட் பெட்டியை நோக்கி நீண்ட கைகள் அப்படியே நின்றன.

அரசு மேற்பார்வை அலுவலகத்தில் அவள் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி லோவல் பிரிட்செட் சொல்லிவைத்த புத்திமதி இது: ஆலைக்காரர்கள் தரும் சுருக்கத்தை வாங்கிக்கொள், சோதனை எண்களை எழுதிய மூலத் தாளை மட்டும் கேட்காதே. கேட்டால் பார்த்தாக வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அரசாங்கம் ஏதாவது செய்து தொலைக்க வேண்டும். அணுகுண்டுக்கு உதிரிபாகம் கடையும் இந்த டென்னசி ஆலையில் எதையுமே தெரிந்துகொள்ளாமல் இருபது வருடம் ஓட்டியதை லோவல் பெருமையாகத்தான் சொன்னார்.

“எதுக்கு மேடம்? அது துணி துவைக்கிற இடம். அங்க சோப்பு நுரைதான் பறக்கும்” என்றார் ஆலையின் பாதுகாப்பு மேலாளர் டென்னிஸ் கார்வர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“கடைசல்காரங்க போட்ட உடுப்பெல்லாம் அங்கதான வருது? அதுல இருக்கிற தூள் எங்க போகும், சொர்க்கத்துக்கா?”

“ஷெல்பி” என்றார் லோவல், பல்லைக் கடித்தபடி.

“கேட்டேன்னு குறிப்புல எழுதிக்கோங்க.”

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் அம்மா வெர்னா தேவாலயப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் பதினோரு படிதான். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்றாள். அவள் போட்டிருந்தது கயிறு இல்லாத ஷூ. பத்தொன்பது வருடமாக வெர்னாவுக்கு அந்தச் சலவைக்கூடத்தில்தான் வேலை. உடுப்பின் பைகளைத் துழாவி, உதறி, இயந்திரத்தில் போட வேண்டும். பைகளில் கிடைத்த பேனாக்களை மகளுக்கு எடுத்து வருவாள். ஷெல்பி கல்லூரிப் பரீட்சை எழுதியதெல்லாம் அந்தப் பேனாக்களால்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

அந்த உதிரிபாகங்களைக் கடையும்போது பறக்கும் பெரிலியம் என்ற உலோகத்தின் தூள் சிலருடைய நுரையீரலில் போய் உட்கார்ந்தால் லேசில் விடாது. கடைசல்காரர்களுக்கு வருடாவருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. சலவைக்காரிகளுக்குக் கிடையாது. அவர்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை.

இருபது நிமிடத்தில் டென்னிஸே தாளோடு வந்தார். இப்போது கிண்டல் இல்லை. மெதுவாக அவள் முன்னால் நகர்த்தினார்.

எண்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குறுக்குக் கோடு. அடியில்: ‘துடைப்புச் சோதனை தேவையில்லை. அரசு ஆய்வாளர் நேரில் பார்வையிட்டு, குறையில்லை எனப் பதிந்துள்ளார்.’ அதற்கும் கீழே கையெழுத்தின் நகல். பள்ளிக்கூடத்தில் நோட்டு நோட்டாக எழுதிப் பழகிய அந்தப் பெரிய வளைவு.

அவளுடைய கையெழுத்து.

“தாளால துடைச்சுத் தூள் இருக்கான்னு பார்க்கலாமா வேண்டாமான்னு எங்களுக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு மேடம். நீங்க சொன்னப்புறம் விட்டுட்டோம்.”

ஷெல்பிக்குக் காது மடல் வரை எரிந்தது. நாற்பது கட்டமுள்ள ஆய்வுப் படிவத்தில் அது ஒரு டிக், ஆலை தன் பாட்டுக்குச் சோதனை எடுக்கத்தானே செய்யும் என்று இரண்டு வருடமாகத் தனக்கே சொல்லிச் சமாளித்து வந்தவள் அவள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சலவைக்கூடத்தைப் பார்வையிடப் போன அன்றைக்கு லோவலோடு வாஷிங்டன்காரர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சலவைக்கூடக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. முடியும்போது மூக்கால் உறுமும் சிரிப்பு, அம்மாவுடையது. அம்மா ஆலை ஆபீசில் இருக்கிறாள் என்று ஷெல்பி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இரண்டாவது கல்யாணத்தில் வெர்னாவின் குடும்பப் பெயர் மாறியதும் வசதியாகப் போயிற்று. கதவு திறந்தது. தலையெல்லாம் பஞ்சுத்தூளாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெர்னா வந்தாள். மகளைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க” என்று யாரோ போலச் சொல்லிவிட்டு வெர்னா போய்விட்டாள்.

“இங்க ஒண்ணுமில்ல, போகலாம்” என்று ஷெல்பி டிக் போட்டாள். எல்லோருக்கும் பசி, யாரும் மறுக்கவில்லை. சாயங்காலம் வெர்னா பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்து வைத்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பழசைக் கிளற வேண்டாம். அடுத்த மாசத்துலேர்ந்து சோதனை எடுத்துடறோம்” என்றார் டென்னிஸ் இப்போது, தாளைச் சுட்டிக்காட்டி. லோவல் வேகமாகத் தலையாட்டினார். அப்படியானால் போன வருடங்கள் ‘குறையில்லை’ என்றே நிற்கும், ரத்தப் பரிசோதனைப் பட்டியலும் மாறாது.

மதியம் வண்டி நிறுத்துமிடத்தில், பழைய டிரக்குக்குள் உட்கார்ந்து வெர்னா சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். ஷெல்பி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“அம்மா, அன்னிக்கு நான் உள்ளயே வரல. பார்த்ததா எழுதிட்டேன்.”

“தெரியும்டி. உள்ள நாங்கதான இருந்தோம். உன் மக மகாராணி மாதிரி வாசலோட போயிட்டாளேன்னு என்னோட துவைக்கிற ஓப்பல் கூடச் சிரிச்சா.”

“நீ ஏன் என்னைத் தெரியாத மாதிரி போன?”

“தெரிஞ்ச மாதிரி நின்னா உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்ல.”

வெர்னா கோபமில்லாமல்தான் சொன்னாள். அறைந்திருந்தால் தேவலை.

“இப்ப உண்மைய எழுதிக் கொடுத்தா வேலை போயிடும். கேஸ் கூடப் போடுவாங்க.”

“அப்ப எழுதாத. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? நான் இருமிட்டுக் கிடக்கேன், விடு.”

“ஓப்பல் இருமுறாளா?”

வெர்னா சாண்ட்விச் காகிதத்தை நாலாக மடித்தாள்.

“ஓப்பல் இருமுறா. ட்வைலாவும்தான். போன வருஷம் சேர்ந்தாளே ஒரு சின்னப் பொண்ணு, அவளும்.”

ஒரு மணி நேரம் கழித்து ஷெல்பி லோவலின் அறையில் நின்றாள். அவள் நீட்டிய தாளை அவர் இரண்டு தடவை படித்தார்.

“மறந்துட்டேன்னு எழுது, கண்ணு. மறதிக்கு யாரும் தண்டனை கொடுக்க மாட்டாங்க.”

“மறக்கல.”

தாளில் இப்படித்தான் இருந்தது: ‘நான் சலவைக்கூடத்துக்குள் போகவில்லை. அங்கே துணி துவைக்கும் வெர்னா என் அம்மா. மற்றவர்கள் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். அதனால் பொய்யாக டிக் போட்டேன். அங்கே வேலை செய்த பதினான்கு பேரையும் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.’

“வெட்கப்பட்டேன்னெல்லாம் அரசாங்கக் காகிதத்துல யாராவது எழுதுவாங்களா? இதையா வாஷிங்டனுக்கு அனுப்பச் சொல்ற?”

“அனுப்பிட்டேன். அது உங்க நகல்.”

அலமாரியிலிருந்து துடைப்புத் தாள் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“எங்க போற?”

“சலவைக்கூடத்துக்கு. என் நுழைவு அட்டைய இன்னும் யாரும் முடக்கலையே.”

அவர் தொலைபேசியைத் தேடும்போதே அவள் வெளியே நடந்துவிட்டாள்.