பின்னால் வருபவருக்குச் சொல்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்னால் போகிறவர் கண்ணில் படுவதைப் பின்னால் வருபவருக்குச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆள் “குழி!” என்றால், அது ஒவ்வொரு வாயாகக் கடந்து கடைசி ஆள் வரை வரும். மணல், கல், முள், நாய் எல்லாம் அப்படித்தான். தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரத்து மண்பாதைகளில் அகல டயர் சைக்கிள்களில் போகிற எங்களை அந்த வார்த்தைகள்தான் ஒரே சரமாகக் கோத்து வைத்திருந்தன.

நான் அவற்றைக் கேட்டுத்தான் ஓட்டினேன். அது யாருக்கும் தெரியாது.

என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. வெயிலில் பரவாயில்லை. நிழலுக்குள் நுழைந்தால் தரை காணாமல் போய்விடும். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்ன அன்றே ஸ்கூட்டர் சாவி என் கையை விட்டுப் போனது. சைக்கிளும் போய்விடக் கூடாது என்று கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. எப்போதும் கடைசிக்கு முந்தின இடம் எனக்கு. முன்னால் மேக்னா. பின்னால் வின்ஸ்டன் அண்ணா. அவர்தான் கடைசி ஆள். யார் நின்றாலும் கூட நிற்க வேண்டியவர், யாரையும் தாண்டக் கூடாதவர்.

அன்று காட்டை ஒட்டிய பாதையில் கொஞ்ச தூரம் போனதும், எங்களைக் கூட்டிப்போகும் திருமலைசாமி அண்ணா கையை உயர்த்தினார். பாதையில் யானைச் சாணம். ஈரம் காயவில்லை.

“திரும்பிரலாமுங்களா?” என்றாள் மேக்னா.

“தடத்தைப் பாரு கண்ணு. நாம வந்த பக்கந்தான் போயிருக்குது. முன்னால போறதுதான் நல்லது. தென்னந்தோப்பு வார வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது.”

“வின்ஸ்டண்ணனுக்குத்தான் கஷ்டம்” என்றாள் மேக்னா.

“ஏனுங்கம்மணி, சர்ச்சுல மணிக்கணக்கா வாய மூடி உக்காந்திருக்கறவன் நானு” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மரங்களுக்குள் நுழைந்தோம்.

மேக்னாவின் மஞ்சள் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் கரைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. முன்சக்கரம் எதிலோ மோத, நான் பக்கவாட்டில் சரிந்தேன். மற்றவர்களின் டயர் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

வின்ஸ்டன் அண்ணா இறங்கிக் குனிந்தார். “வழுக்கிப்போட்டுதா அம்மணி?” என்று கிசுகிசுத்தார்.

“இல்லீங்ணா. தரை தெரியலீங்க.”

“கண்ணுல தூசி கீசி விழுந்துபோச்சா?”

“நெழல்ல எனக்கு எதுவுமே தெரியாதுங்ணா. இனிமேலும் தெரியாது.”

நாங்கள் வந்த பக்கம், எங்கோ ஒரு மூங்கில் முறிந்தது. அவர் நிமிர்ந்தார். தன் சைக்கிளைத் தள்ளி எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். டிக் டிக் டிக் என்று மெல்லிய சத்தம்.

“கேக்குதா? நான் மிதிக்கறத நிறுத்துனா இந்தச் சத்தம் வரும். வந்தா மெதுவாப் போ. நின்னுபோனா மிதி.”

இருட்டில் யாரோ ஒருவருடைய கடிகாரத்தின் பின்னால் போவதுபோல் போனேன். டிக் டிக் என்றால் வேர், அல்லது பள்ளம். சத்தம் இல்லையென்றால் பாதை. மூச்சுக்கூட இடைஞ்சலாக இருந்தது. திடீரென்று முகத்தில் வெயில் விழுந்தது. தென்னந்தோப்பு.

எங்களுக்காக அங்கே நின்றிருந்த திருமலைசாமி அண்ணாவின் முகம் மாறியது. “வின்ஸ்டன், கடைசி ஆளு முன்னால வாரீங்க?”

“அம்மணி சொல்லும்” என்றார் அவர்.

சொன்னேன். மேக்னா என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

“சொன்னா கூட்டிட்டுப் போமாட்டோம்னு நெனச்சுட்டியாக்கும்” என்றார் திருமலைசாமி அண்ணா.

தலையாட்டினேன்.

அவர் மலையைத் திரும்பிப் பார்த்தார். “காட்டுப் பக்கம் இனி வேண்டாம் கண்ணு. வெயிலு விழற ரோட்டுக்கு வா. வாய்க்கா மேட்டுல போலாம்.”

நான் பயந்திருந்த வார்த்தை அந்த ‘வேண்டாம்’தான். அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை என்பதும் அந்த வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

திரும்பும்போது தார் ரோடு பளபளவென்று கிடந்தது. முன்னாலிருந்து “குழி!” என்று வந்தது. மேக்னா தேவைக்கு மேல் கழுத்தைத் திருப்பிக் கத்தினாள், “சாய்ப்ரியா, குழி!”

“தெரியுதுடி! எருமையே படுக்கலாம் அதுல!”

முன்னால் சிரிப்புக் கேட்டது. பின்னால் வின்ஸ்டன் அண்ணாவின் சைக்கிள், தன் பழைய இடத்தில், டிக் டிக் என்று வந்துகொண்டிருந்தது. குழியைச் சுற்றிப் போனேன். திரும்பி, அவருக்குச் சொன்னேன்.

“குழி.”