மாமியார் விழவில்லை

"மாப்பிள்ளை, இது கையில கட்டுற வாட்ச்சா, கழுத்துல கட்டுற மணியா?"

பெட்டியைப் பிரித்ததுமே மாமியார் இப்படிக் கேட்டார். மருமகன் கார் ஷோரூமில் விற்பனையாளன். எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் நாலு வார்த்தை புகழாமல் அவனால் இருக்க முடியாது.

"அத்தை, நீங்க எங்கயாவது விழுந்துட்டீங்கன்னா அதுவே கண்டுபிடிச்சு எனக்கும் உங்க பொண்ணுக்கும் தகவல் சொல்லிடும்."

"கை கொடுத்துத் தூக்கி விடுமா?"

"அது... தூக்காது."

"அப்போ விழுந்ததை ஊருக்குச் சொல்றதுக்கு மட்டும்தான். அதுக்கு எதிர்வீட்டுக்காரி போதுமே!"

ஆனாலும் கட்டிக்கொண்டார். வேறு வழியில்லை. மாமனார் காலமானதிலிருந்து, "வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடும்மா" என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரோ அந்தச் சின்ன வீட்டின் சமையலறையில் ரொட்டி சுட்டு, தெருவிலுள்ள கடைகளுக்குக் கொடுப்பவர். அந்த ஓவன் அடுப்பையும் ஜன்னலோர மேஜையையும் விட்டுவர அவருக்கு மனமில்லை. கடைசியில் அம்மாவும் பெண்ணும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வாட்ச் கையில் இருக்கும்வரை தனி வீடு. வாட்ச் கழன்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் வாரமே வம்பு வந்தது.

மாவைத் தலைக்குமேல் தூக்கி மேஜையில் ஓங்கி அறைந்தால்தான் ரொட்டி பஞ்சு மாதிரி வரும் என்பது மாமியாரின் கொள்கை. அறைந்தார். வாட்ச் பதறிப்போய் அதிர்ந்தது. 'நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா?' என்று திரையில் எழுத்து ஓடியது. இல்லை என்றால் திரையைத் தொட வேண்டும். பத்து விரலிலும் மாவு. முழங்கையால் தொட்டுப் பார்த்தார், மூக்கால் தொட்டுப் பார்த்தார். "விழலடி, சனியனே!" என்று அதட்டியும் பார்த்தார். வாட்ச் மசியவில்லை.

ஷோரூம் அடுத்த தெருவில்தான். கழுத்து டை தோளில் பறக்க மருமகன் ஓடி வந்தான்.

"அத்தை! எங்க அடிபட்டுது?"

"மாவுக்குத்தான். வந்ததே வந்தீங்க, அந்த அடுப்புக் கதவைத் திறங்க மாப்பிள்ளை."

அவன் திறந்தான். சூடான ரொட்டி ஒன்று தட்டுக்கு வந்தது. வெண்ணெய் அதன்மேல் உருகி ஓடியது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு மனைவியின் ஞாபகம் வந்து, "ஒண்ணுமில்லம்மா, மாவு" என்று போனில் சொன்னான். அவள் நகரத்தின் மறுகோடியில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நினைத்த நேரத்தில் கிளம்பி வர முடியாது.

அன்றிலிருந்து ரொட்டி சுடும் நாளெல்லாம் வாட்ச் அலறியது. மருமகன் வந்தான். தட்டு வந்தது. கூடவே மாமியாரின் அபிப்பிராயங்களும் வந்தன.

"உங்க புதுக் காருல வைப்பருக்குக்கூட திரையைத் தடவணுமாமே? கொட்டுற மழையில நான் ரோட்டைப் பார்ப்பேனா, திரையைப் பார்ப்பேனா?"

"சத்தியமா அத்தை, எனக்கே அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேட வேண்டியிருக்கு."

"இந்த ஃபிரிட்ஜ் மட்டும் என்னவாம்? கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சா கத்துது. உங்க மாமா அத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட என்கிட்ட அப்படிக் கத்தினதில்ல."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். காலையிலிருந்து இரவுவரை, "அருமையான வசதி சார்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் அவன். உள்ளதை உள்ளபடி பேச இந்த மேஜை ஒன்றுதான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மகள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"போதுங்க. அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம். வீட்டை வாங்க ஆள் பார்த்துட்டேன். நாளைக்கு லீவு போட்டு நானே போய்ச் சொல்லப் போறேன்."

"அது மாவுதானே..."

"ஒவ்வொரு தடவையும் மாவுதான். ஒரு தடவை மாவா இல்லாமப் போச்சுன்னா?"

அவன் அவளுடைய கைப்பையை வாங்கி மேஜையில் வைத்தான். இருந்த ஒரே பதிலைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் அம்மா வீட்டு வாசலில் மகள் காரை நிறுத்தும்போதே போன் அலறியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

அம்மா மேஜை முன்னால் முதுகைக் காட்டி நின்றார். நேராக, தெம்பாக, முழங்கைவரை மாவோடு. மணிக்கட்டில் துடித்துக்கொண்டிருந்த வாட்சை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையோரம் ஒரு தட்டும் இரண்டு கோப்பைத் தேநீரும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

"வாங்க மாப்பிள்ளை, இன்னிக்கு இறக்கை கட்டிட்டு வந்தாப்பல இருக்கு!"

அப்போது பின்வாசல் வழியாக மருமகன் வந்தான். ஓடி வரவில்லை. மெல்லிசாக விசிலடித்தபடி, கையில் ஒரு ஜாம் பாட்டிலோடு.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தை விழுந்துட்டாங்கன்னு போன் வந்தா, ஜாம் வாங்கிட்டுத்தான் வருவீங்களோ?" என்றாள் மகள்.

மருமகன் பாட்டிலை மேஜையில் வைத்தான். "மாவு பிசையுற நேரத்துக்கு அந்த எச்சரிக்கையை நிறுத்தி வைக்கலாம். ஒரு பட்டன் இருக்கு. எனக்கு முதல் நாளே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றார் மாமியார். "அந்தக் கையேட்டுல படமே போட்டிருக்கே."

"அப்புறம் ஏம்மா?"

"மாப்பிள்ளை வர்றார்ல?"

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கும்தானேம்மா அது அலறுது. கையில ரத்த டெஸ்ட் டியூபோட நிப்பேன். அதைப் பக்கத்து மேஜைக்காரி கையில திணிச்சிட்டு ஓடுவேன். இவர் கூப்பிடுற வரைக்கும் பாத்ரூம்ல போய் அழுதிட்டிருப்பேன். இங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிருக்கீங்க."

மருமகன் தலை குனிந்தான். மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாவுக் கையோடு மகளைத் தொட வந்து, தயங்கி, பிறகு தொட்டே விட்டார்.

"எனக்கு அது தோணவே இல்லடி."

"ஒரு தடவையாவது நீயா போன் பண்ணி, வாடின்னு கூப்பிட்டிருக்கியா?"

"எப்படிக் கூப்பிடுவேன்? வாய்விட்டுக் கூப்பிட்டா, அம்மாவால தனியா இருக்க முடியலன்னு சொல்லி வீட்டை வித்துடுவியே!"

அடுப்பு டிங் என்று ஒலித்தது. மருமகன் போய் அதை அணைத்தான்.

"வீடு இருக்கட்டும்மா" என்றாள் கடைசியில். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. "விக்க வேண்டாம். பிசையுற நேரத்துக்கு அதை நிறுத்தி வெச்சுக்கோ. மத்த நேரம் கட்டாயம் போட்டிருக்கணும். ஆனா என்னைக் கூப்பிடு. காரணம் வேணும்னு இல்ல."

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்தில் மகளின் போன் ஒலித்தது. அலறல் இல்லை, சாதாரண அழைப்பு. பக்கத்து மேஜைக்காரி பதறினாள். "அம்மாவா? என்னாச்சு?"

மகள் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் கூப்பிட்டேன். வேலையா இருக்கியா? வெச்சிடவா?"

"வைக்காதே. சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? புதுசா ஒரு தராசு வாங்கினேன். மாவு எவ்வளவுன்னு அதுவே பேசிச் சொல்லுதாம். நானா கேட்டேன்? நேத்து அதுகிட்ட..."

மகள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.